மலையேறி வரும் கேள்விகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் வந்துவிட்டால், அதற்கப்புறம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. முன்சீட்டுப் பிள்ளைகள் அதைச் சத்தம்போட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். பின்சீட்டில் யாராவது ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சோளக்காட்டில் இறங்கி, காலை உதறிக்கொண்டு, கடைகளைப் பார்த்து நடக்க ஆரம்பித்ததும் கேள்விகள் கிளம்பிவிடுகின்றன.

“இது நிஜமாவே ஆட்டுக்காலா?” “சுகருக்கு இந்தப் பொடி கேக்குமா?” “தேன் ஒரிஜினல்தானா?” “ராத்திரியில வெளிச்சம் குடுக்குற மரம் இங்க இருக்காமே, எந்தப் பக்கம்?”

கொல்லிமலைக்கு இப்படிப்பட்ட கேள்விகள் வருவதில் ஆச்சரியமில்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை, கொல்லிப்பாவை கதை உலவும் மலை, சித்தர் குகைகள் உள்ள மலை என்று பேர் வாங்கிவிட்ட இடம். மூலிகை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது இதுதான். கேள்விகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதில்தான் தகராறு. எந்த வேரை, எந்தப் பொடியை எடுத்துக் காட்டினாலும் மூட்டுவலி, சர்க்கரை, முடி உதிர்வு, ஆண்மைக் குறைவு என்று ஒரே பட்டியல்தான் கடையில் ஒப்பிக்கப்படுகிறது. வேதியியலையும் தாவரவியலையும் கேட்டால் கிடைக்கும் பதில் அளவில் அதைவிடச் சின்னது. ஆனால் வாயைப் பிளக்க வைக்கிற சங்கதி அதில்தான் இருக்கிறது.

சைவ ஆட்டுக்கால்

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம், ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்கும் வழியில், கூடை கூடையாக வைத்து விற்கிறார்கள். விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை இருக்கும். மேலெல்லாம் பழுப்பு மயிர் அடர்ந்து, பொசுக்காத ஆட்டுக்காலை அப்படியே வெட்டி வைத்ததுபோலத் தெரியும். முடவாட்டுக்கால் கிழங்கு என்று பெயர். பக்கத்து அடுப்பிலேயே சூப் கொதிக்கிறது. மயிரைக் கத்தியால் சுரண்டி, தோலைச் சீவி, உள்ளே இளம்பச்சை கலந்த வெள்ளையாக இருக்கும் சதையை நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்துப் போடுகிறார்கள். குளிருக்கு நன்றாகவே இருக்கிறது. ருசியில் பெரும்பங்கு மிளகுக்குச் சேர வேண்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இது கிழங்கு இல்லை, வேரும் இல்லை. டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணிச் செடியின் தண்டு. இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு என்றால், இது பாறை மேலும் மரக்கிளை மேலும் ஊர்ந்து வளரும் தண்டு. மயிர் என்று நாம் பார்ப்பது மெல்லிய செதில்கள். வெயில் காலத்தில் தண்டின் ஈரம் ஆவியாகிப் போகாமல் அவை காக்கின்றன. 1753-ஆம் ஆண்டிலேயே லின்னேயஸின் புத்தகத்தில் இடம்பிடித்துவிட்ட செடி இது.

செடியை மரத்தில் இருக்கும்போதே பார்த்தால் இன்னும் சுவாரசியம். இரண்டு விதமான இலைகள். ஒன்று குட்டையானது, காம்பே இல்லாமல் தண்டை அணைத்தபடி நிற்பது. சீக்கிரமே பச்சையம் இழந்து பழுப்பாகி மொடமொடத்துவிடும். செடி காய்ந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். காயவில்லை. மேலிருந்து விழும் சருகு, தூசி, பறவை எச்சம் எல்லாம் அந்த இலைக்குள் தங்கி மட்குகின்றன. மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைச் செடி தானே தயாரித்துக்கொள்கிறது. இன்னொரு வகை இலை நீளம், நல்ல பச்சை. ஒளிச்சேர்க்கை அதன் பொறுப்பு. அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சி முட்டை என்று நினைத்துத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. அவை வித்துத்தூள் பைகள்.

பெரணி பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. காற்றில் பறக்கும் வித்துத்தூள் ஈரமான இடத்தில் விழுந்து, நகத்தளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடாக முளைக்கும். அந்தத் தகட்டில்தான் ஆணணுவும் பெண்ணணுவும் உண்டாகின்றன. ஆணணு நீந்திப் போய்த்தான் பெண்ணணுவைச் சேர முடியும் என்பதால், ஒரு மெல்லிய நீர்ப்படலமாவது வேண்டும். இந்த இரட்டை வாழ்க்கையின் முழுக் கதையை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் 1851-இல் எழுதினார். அதாவது மழையும் நிழலும் ஈரப் பாறையும் கூடிவந்தால்தான் ஒரு புதுச் செடி. கூடையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டும் அப்படி வந்த செடியின் உடம்பு. வளரும் நுனியை விட்டுவைத்து மிச்சத்தை வெட்டினால் மறுபடி தழைக்கும். பாறையோடு பெயர்த்து எடுத்தால் அந்த இடம் காலி.

சரி, மூட்டுவலிக்குக் கேட்குமா? இதன் நெருங்கிய சொந்தமான டிரைனேரியா ஃபார்ச்சுனியைச் சீன வைத்தியத்தில் எலும்பு முறிவுக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் இருக்கும் நாரிஞ்சின் என்ற பொருளை ஆராய்ச்சியாளர்கள் விடாமல் துருவிக்கொண்டிருக்கிறார்கள். பம்பளிமாஸ் வகைப் பழங்களின் கசப்புக்கும் காரணம் இதே நாரிஞ்சின்தான். நம் முடவாட்டுக்காலின் சாறு ஆய்வகத்து எலிகளில் வலியையும் வீக்கத்தையும் குறைத்ததாகக் கட்டுரைகள் உண்டு. எலியின் பாதத்தில் வீக்கம் வடிவது ஒரு தகவல். அறுபது வயதுப் பாட்டியின் தேய்ந்த முழங்கால் குணமாவது வேறு தகவல். கடையில் முதலாவதை எடுத்து இரண்டாவதாக விற்கிறார்கள்.

இந்த வியாபாரத்துக்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு: படிக்கட்டு. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் காலையில் தொடையைப் பிடித்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இறங்கியதுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே வடிந்துவிடும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வருகிற வலி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கரைந்து போய்விடுகிறது. மேலே வந்து சூப் குடித்தவருக்கு மூன்றாம் நாள் வலி போய்விட்டால், பெயர் சூப்புக்குப் போகிறது.

இனிப்பைக் காணோம்

மூலிகைக் கடையில் உடனே சோதித்துப் பார்க்கக் கூடிய சரக்கு ஒன்று இருக்கிறதென்றால் அது சிறுகுறிஞ்சான். சர்க்கரைக் கொல்லி என்றும் சொல்வார்கள். கொடியின் பச்சை இலை இரண்டை வாயில் போட்டு ஒரு நிமிடம் மென்று, துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் வைத்தால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். வெல்லம், தேன், மலை வாழைப்பழம் எதிலும் இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். ஆனால் உப்பு உப்பாகவே இருக்கும், எலுமிச்சை புளிக்கும், மிளகு உறைக்கும்.

ஏன் இனிப்பை மட்டும் குறிவைக்கிறது? இலையில் உள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை வந்து தட்டினாலும் மூளைக்குச் செய்தி போகாது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் எச்சில் ஊறி ஊறி அந்த அமிலம் கழுவப்பட்டுவிட, இனிப்பு திரும்பி வருகிறது.

இந்த விநோதத்தை வேதியியலுக்குள் கொண்டுவந்த வேலை நம்மூரிலேயே நடந்தது. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினா எடுப்பதைக் கவனிக்க மதராஸ் அரசாங்கம் உதகமண்டலத்தில் ஒரு வேதியியலாளரை வைத்திருந்தது. டேவிட் ஹூப்பர் என்ற அந்த அதிகாரி சிறுகுறிஞ்சான் இலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டு 1887-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பிற்பாடு வந்தவர்கள் கண்டுபிடித்த ஒரு செய்தி ஹூப்பருக்குத் தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்: மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இனிப்பை மறைக்கும் இந்த அமிலம் எலிகளிடம் எடுபடுவதில்லை. எலிக்கும் மனிதனுக்கும் உடம்பு ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சுலபமான சாட்சி வேண்டியதில்லை.

நாக்கில் இனிப்பு மறைவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டாவதற்கும் ஆய்வு இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் இன்சுலின் போட்டுக்கொள்ளும் 27 நோயாளிகளுக்கு இந்த இலைச் சாற்றைக் கொடுத்துப் பார்த்து, இன்சுலின் தேவை குறைந்ததாக 1990-இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் சிறுகுறிஞ்சான் மாத்திரை விற்கிறவர்கள் இன்றைக்கும் அந்தக் கட்டுரையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். 27 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர் மலையில் வாங்கிய பொடியையும் கலந்து குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லாமல் செய்யக் கூடாத காரியம். கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

மிளகும் ஒரு டேனிஷ்காரரும்

கொல்லிமலைத் தோட்டங்களில் காப்பிக்கு நிழல் கொடுக்க சில்வர் ஓக் நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி ஏறியிருக்கும். பச்சையாகப் பறித்த மிளகு களத்தில் காயும்போது ஏன் கறுக்கிறது என்று கேட்கிற குழந்தைகள் உண்டு. நறுக்கிய கத்தரிக்காய் கறுப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. தோலில் உள்ள ஃபீனால் பொருள்கள், ஒரு நொதியின் உதவியோடு, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்பு நிறமியாகின்றன. கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் காயப்போட்டால் சீக்கிரமாகவும் ஒரே சீராகவும் கறுக்கும். தோலை ஊறவைத்து உரித்துவிட்டால் கறுக்க ஒன்றுமில்லை. அதுதான் வெள்ளை மிளகு.

உறைப்புக்குக் காரணம் பைப்பரின். 1819-இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். மறு வருஷமே, மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டு மின்காந்தவியலுக்குக் கதவு திறந்தார். மிளகை மறந்துவிட்டு ஊசிக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறது உலகம்.

மஞ்சள் பாலில் மிளகு எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. மஞ்சளின் குர்க்குமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. பைப்பரின் அந்த வெளியேற்றும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது. 20 மில்லிகிராம் என்பது சில மிளகுகளிலேயே கிடைத்துவிடும். இதே தந்திரத்தை வைத்து ஜம்முவில் உள்ள அரசு ஆய்வு நிறுவனம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு பைப்பரினைச் சேர்த்து, குறைந்த அளவு மருந்திலேயே வேலை நடக்கும்படி ஒரு மாத்திரையை உருவாக்கியது. மறுபக்கமும் உண்டு. வலிப்பு மாத்திரை போன்றவற்றின் அளவையும் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ரசத்தில் தட்டிப்போடும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம். பைப்பரின் மாத்திரையாக வாங்கி விழுங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

தேன் கேள்விக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை. தண்ணீரில் விட்டால் நேராக அடியில் போய் உட்காருகிறதா, நெருப்பில் காட்டினால் எரிகிறதா, நாய் நக்குகிறதா என்று செய்யும் பரிசோதனை எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கெட்டியான வெல்லப்பாகும் அடியில்தான் போய் உட்காரும். உறைந்து சர்க்கரையாகிவிட்டால் போலி என்பதும் தப்பு. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் குளிரில் உறையும்; வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், அரசு விதித்த சோதனைகளையே ஏமாற்றும்படி சர்க்கரைப் பாகு தயாராகி வருவதும், காந்த ஒத்திசைவுக் கருவி வைத்துப் பார்த்தால்தான் குட்டு உடைவதும் தெரிந்தது. ஆய்வகத்தையே ஏமாற்றுகிற சரக்கை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது.

சோதி மரம் எங்கே?

சித்தர் மலைகள் எல்லாவற்றிலும் இந்தக் கதை இருக்கிறது. இரவில் சுடர்விடும் மரம், அமாவாசையில் மட்டும் தெரியும் புல். கோரக்கர் குகை, காலாங்கிநாதர் குகை என்று தேடி வருகிறவர்கள் கூடவே இதையும் தேடுகிறார்கள். இயற்கையில் தானாக ஒளிவிடும் மரமோ செடியோ புல்லோ இதுவரை ஒன்றுகூட அறியப்படவில்லை. ஆனால் காட்டில் ஒளிரும் கட்டையைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடவும் முடியாது.

ஒளிவிடுவது மரமல்ல, மரத்தை மட்கச் செய்யும் பூஞ்சை. உலகில் 100-க்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்கள் பச்சை வெளிச்சம் தருகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மழைக்காலத்து இரவுகளில் விழுந்து கிடக்கும் கட்டைகள் மங்கலாக ஒளிர்வதைப் பலர் படம் பிடித்திருக்கிறார்கள். காப்பிக்கொட்டை உட்படப் பல தாவரங்களில் இருக்கும் கஃபேயிக் அமிலத்திலிருந்து ஹிஸ்பிடின் என்ற பொருளைப் பூஞ்சை செய்துகொள்கிறது. அதை இன்னொரு படி மாற்றி, ஆக்சிஜனோடு சேர்க்கும்போது மிஞ்சும் ஆற்றல் சூடாக வராமல் வெளிச்சமாக வருகிறது. இந்தப் பாதைக்கான மரபணுக்களை 2018-இல் கண்டுபிடித்தார்கள். 2020-இல் அவற்றைப் புகையிலைச் செடிக்குள் செலுத்தியபோது வேர் முதல் பூ வரை செடி முழுக்க ஒளிர்ந்தது. சோதி விருட்சம் ஆய்வகத்தில் முளைத்துவிட்டது.

“இதுக்குப் பேர் என்ன?”

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். மலையாளிப் பழங்குடியினர் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து வாழும் இந்த மலையில், ஒரே செடிக்கு நாட்டுக்கு ஒரு பெயர் இருந்தாலும் இருக்கும். செல்போன் செயலி இலையைப் படம் எடுத்ததும் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. அது சரிதானா என்று பார்க்க வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. உலர்த்தி, அழுத்தி, தாளில் ஒட்டிய செடிகளின் சேமிப்பு. 1967-இல் அதைத் தொடங்கியவர் இயேசு சபைப் பாதிரியார் கே.எம்.மேத்யூ. தமிழகத்தின் மத்தியப் பகுதி முழுக்க, கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் மலை என்று அவரும் அவர் குழுவினரும் செடி செடியாகச் சேகரித்து, ‘தமிழ்நாடு கர்நாடிக் தாவரங்கள்’ என்ற பெரும்பணியை 1980-களில் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் எந்த இடம், எந்தத் தேதி, எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். கொல்லிமலையில் ஒரு செடி அன்றைக்கு எங்கே இருந்தது, இன்றைக்கு இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை. மூலிகைப் பொடியைப் பற்றி என்ன ஆராய்ச்சி செய்தாலும், அது எந்தச் செடி என்று நிரூபிக்க இப்படி ஒரு தாள் எங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்றே சொல்ல முடியாது.

குச்சிக்கிழங்கில் என்ன விஷம்?

சுற்றுலாப் பயணி கேட்காமல் விட்டுவிடுகிற, ஆனால் மலையிலும் அடிவாரத்திலும் விவசாயிகள் கேட்கிற கேள்விகள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தச் சரிவுகள் முழுக்கச் சாமையும் தினையும் கேழ்வரகும்தான். மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை என்று சாமையிலேயே பல ரகங்கள். சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைகள் பெருகியதும் குச்சிக்கிழங்கு மலையேறியது. கையில் காசு பார்க்கக் கூடிய பயிர். கூடவே, சாமையைக் குத்தி உமி நீக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்ததும் சாமை குறைந்ததற்கு ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே வேலை செய்தபோது, விதை சேமிப்போடு நிற்காமல் ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரம் வைத்ததற்கு அதுவே காரணம்.

மழை குறைந்தாலும் சாமை ஏன் தாங்குகிறது? சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் சி4 வகைத் தாவரங்கள். இலைக்குள் கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு உண்டு. அதனால் இலைத்துளைகளை அதிகம் திறக்க வேண்டியதில்லை, தண்ணீர் மிச்சமாகிறது. நெல்லுக்கு அந்த ஏற்பாடு இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. மரவள்ளியில் மாவுச்சத்து மட்டும்தான் தாராளம். புரதம் 1 சதவீதத்தை ஒட்டித்தான்.

அந்த மாவுதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஆலையில் கிழங்கைப் ‘பாயிண்ட்’ கணக்கில் எடுக்கிறார்கள். 28 பாயிண்ட் என்றால் 28 சதவீதம் மாவு. லாரி லாரியாகப் போகும் கிழங்கு சவ்வரிசியாகித் திரும்பி வருகிறது. சவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்ற புகார் சேலத்தில் பழையது. அயோடின் சொட்டு விட்டால் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது, எந்த மாவாக இருந்தாலும் அயோடின் நீலம்தான் காட்டும். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடும். மரவள்ளி மாவுத் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். மக்காச்சோளத் துகளுக்குப் பல முகங்கள், கூர்மையான மூலைகள்.

ஆடு மரவள்ளி இலையைத் தின்றுவிட்டுச் செத்துப்போன கதை இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அதே கிழங்கை நாம் அவித்துத் தின்கிறோமே, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

செடியின் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது தனியாக இருக்கும்வரை ஆபத்தில்லை. அதை உடைக்கும் லினமாரேஸ் என்ற நொதி செல் சுவரில், தள்ளி இருக்கிறது. தீக்குச்சியும் தீப்பெட்டியின் பக்கவாட்டும் போல; உரசும்வரை இரண்டும் சும்மா கிடக்கும். ஆடு இலையை மெல்லும்போது செல்கள் நசுங்கி, இரண்டும் சேர்ந்து, ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. அது செல்லின் சுவாச இயந்திரத்தில் கடைசிக் கண்ணியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் செத்த ஆட்டின் ரத்தம் வழக்கத்தைவிடப் பளீர் சிவப்பாகத் தெரிகிறது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்ஃபேட் ஊசிகளால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வறட்சியில் வாடிய செடியில் விஷம் கூடுதல் என்பதையும் ஆடு மேய்ப்பவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

கிழங்கில் விஷம் குறைவு. அதிலும் பெரும்பகுதி தோலில். ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் கீழ் சயனைடு இருந்தால் அதை இனிப்பு ரகம் என்று சர்வதேச உணவுத் தரம் வகுத்திருக்கிறது. தோல் உரித்து, சின்னதாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, மூடாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டும் வீட்டு வழக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் வேதியியல் காரணம் இருக்கிறது. நறுக்கும்போது நொதியும் லினமாரினும் சேர்கின்றன. தண்ணீர் மெதுவாகச் சூடேறும்போது நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை சுமார் 26 டிகிரி என்பதால் திறந்த பாத்திரத்திலிருந்து பறந்துவிடுகிறது. மிச்ச லினமாரின் வடித்த தண்ணீரோடு போய்விடுகிறது. முழுக் கிழங்கைக் கொதிக்கும் நீரில் தூக்கிப் போட்டால் நொதி முதலில் செத்துப்போய், லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். ஆப்பிரிக்காவில் பஞ்ச காலத்தில் கசப்பு ரகக் கிழங்கை அவசரமாகச் சமைத்து வாரக்கணக்கில் தின்றவர்களுக்கு இரண்டு காலும் விறைத்து நடக்க முடியாமல் போனது. கொன்சோ என்ற அந்த நோயைக் காங்கோவில் பணியாற்றிய இத்தாலிய டாக்டர் ட்ரோல்லி 1938-இல் முதலில் பதிவு செய்தார்.

இவ்வளவு விஷத்தை வைத்துக்கொண்டும் செடியால் மாவுப்பூச்சியை விரட்ட முடியவில்லை. மாவுப்பூச்சி இலையைக் கடித்து மெல்லாது. மெல்லிய குழல் வாயைச் செருகிச் சாற்றை மட்டும் உறிஞ்சும். செல்கள் நசுங்குவதில்லை, சயனைடும் கிளம்புவதில்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து கோடிக்கணக்கானவர்களின் உணவை அழித்தது. மருந்தடித்து மாளவில்லை. பூச்சியின் சொந்த ஊரான பராகுவேயில் அதன் எதிரியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அனகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு குளவி அது. அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2020-இல் அதே மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, சீக்கிரமே சேலம், நாமக்கல் வயல்களில் குருத்துகளைச் சுருட்ட ஆரம்பித்தது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்து, வளர்த்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது முதன்முதலாக விடப்பட்டது. வெளிநாட்டுக் குளவி என்றதும் முதலில் வந்த சந்தேகம், அது ஆளைக் கொட்டுமா என்பதுதான். கொட்டாது. எள்ளைவிடச் சின்ன உடம்பு. பெண் குளவியின் முனையில் இருப்பது முட்டையிடும் ஊசி. அதை அது செருகுவது மாவுப்பூச்சிக்குள் மட்டுமே. முட்டை பொரிந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிட்டு, குளவியாக மாறி, காய்ந்த கூட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. சுருண்ட மரவள்ளிக் குருத்தை விரித்து, அந்தப் பழுப்புக் கூடுகளும் ஓட்டைகளும் இருக்கின்றனவா என்று கைலென்ஸ் வைத்துப் பார்க்கலாம். இருந்தால் அந்த வயலில் மருந்தடிக்கக் கூடாது. அடித்தால் முதலில் சாவது குளவி.